நான் அழித்த பீலிச் சண்டை

தளத்தை மறுபடியும் புது இடத்துக்கு மாற்றப் போகிறீர்கள், அதற்கு முன் பழைய ஆள் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கணினி விஷயம் எதையும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த கணினியை இப்போது யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டீர்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுத்ததில் நான் பண்ணிய முட்டாள்தனத்தை மட்டும் சொல்கிறேன். அதை நானே போதுமான அளவு பண்ணிவிட்டேன்; இன்னொருவர் பண்ணத் தேவையில்லை.

நான் அப்போது ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். 'மடுவம்' என்ற நம் இணையத்தளத்தை நடத்தும் பொறுப்பு, நான் கேட்காமலே என் தலையில் விழுந்தது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க எல்லோரும் வந்து கூடுகிற கொட்டகைக்குத்தான் தோட்டத்தில் மடுவம் என்று பெயர். நிறுவை முடிந்த பிறகும் பேச்சு முடியாது. தளமும் அப்படியே. கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் இருந்த நம் ஆட்கள் அங்கே வந்து கவிதை எழுதினார்கள், சமையல் சொன்னார்கள், ஊரில் இன்றைக்கு மழையா என்று கேட்டார்கள், சண்டை போட்டார்கள். சண்டைதான் அதிகம்.

தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் ஒருநாள் மின்னஞ்சல் அனுப்பியது. ஒரு மாதத்தில் கடையை மூடுகிறார்களாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமாம். எடுத்துக்கொள்வது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. பக்கம் பக்கமாகச் சேமித்து, புதுத் தளத்தில் பக்கம் பக்கமாக ஏற்ற வேண்டும். ஹட்டனில் மழை பிடித்தால் தொலைபேசிக் கம்பியில் பொரிகிற சத்தம் கேட்கும், இணையம் விழுந்துவிடும். ஹட்டனில் மழை எத்தனை நாள் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு மேல் எழுத்துருச் சிக்கல். பழைய தளத்தில் தமிழ் என்று நாம் பார்த்தது, உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான். ஒரு குறிப்பிட்ட எழுத்துரு அதைத் தமிழ் மாதிரிக் காட்டியது. புதுத் தளத்துக்கு உண்மையான தமிழாக மாற்ற வேண்டும். அதற்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. அதுவோ எது தமிழ், எது ஆங்கிலம் என்று பாராமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஆங்கிலத்தில் ராஜா என்று பெயர் வைத்திருந்தவர் காலையில் 'சுயதய' ஆகியிருந்தார். மாலா என்ற பெண் 'ஆயடய' ஆனாள். ஆங்கிலத்தில் ஓக்கே என்று இரண்டெழுத்தில் யார் எழுதியிருந்தாலும் அது 'ழம' ஆனது. கட்டாரிலிருந்து ஒருவர், தன் பெண்ணின் திருமணச் செய்திக்குக் கீழே இருபது பேர் வரிசையாக 'ழம' என்று எழுதியிருக்கிறார்களே, இது என்ன வசவு என்று வருத்தப்பட்டு எழுதினார். பெயர்களைக் கையால் திருத்தினோம். எங்கள் பயிற்சி நிலையத்தில் மட்டும் கொஞ்ச காலம் எல்லோரும் சம்மதத்துக்கு ழம என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற பிழை. பிழை என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, திருத்திவிடுகிறோம். நான் சொல்ல வந்தது, பிழை என்றே தெரியாமல், பெருமையோடு செய்த காரியத்தைப் பற்றி.

நாள் குறைவு, பக்கம் அதிகம். ஆகவே தரம் பிரிப்பது என்று முடிவெடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. நல்ல பதிவுகள் முதலில், சுமாரானவை நேரமிருந்தால், குப்பை வேண்டாம். கவிதைகள் நல்லவை என்று வைத்தேன். மழையைப் பற்றி மட்டுமே நூற்றுக்கணக்கில் கவிதைகள். அநேகமாக எல்லாவற்றிலும் மேகம் அழுதது. அத்தனையையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சண்டைகளைக் குப்பையில் போட்டேன். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் யாரோ நம் தளத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டுகிற மாதிரி நான் தளத்தைக் கூட்டினேன். வருகிறவர்கள் நம்மைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்த ஆய்வாளர் கடைசிவரை வரவில்லை.

அப்படி நான் கூட்டித் தள்ளியதில் மிகப் பெரியது பீலிச் சண்டை. மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, லயத்துக்கு முன்னால் கொட்டுகிற பொதுத் தண்ணீர்தான் பீலி. நானுஓயாவுக்கும் பட்டிப்பொலவுக்கும் இடையில் ஒரு தோட்டம். அதன் மேல் டிவிஷனில் ஒரு பழைய லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அங்கே பீலி ஐந்தாம் காம்பராவுக்கு நேரே இருந்ததா, ஆறாம் காம்பராவுக்கு நேரே இருந்ததா என்பதுதான் சண்டை. இதற்காக இரண்டு ஆண்கள் மூன்று வருடம், நானூறு பதிவுகளுக்கு மேல் எழுதியிருந்தார்கள்.

ஒருவர் 'துல்லியம்' என்ற பெயரில் எழுதிய கணித மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தோட்டப் பாடசாலையில் எட்டு வருடம் படிப்பித்தவர். திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் காம்பரா காம்பராவாகப் போனவர் என்பதால், தன்னை மிஞ்சி அந்த லயத்தை யாருக்கும் தெரியாது என்பது அவர் கட்சி. பீலி ஆறுக்கு நேரே என்றார். மற்றவர் சின்னராசு. நுவரெலியா மரக்கறிச் சந்தையில் கடை வைத்திருந்தவர். அந்த லயத்தின் மூன்றாம் காம்பராவில் பிறந்தவர், அதையே தளத்தில் பெயராக வைத்துக்கொண்டவர். மாஸ்டர் தேடிப்போன பிள்ளைகளில் முக்கியமானவரும் அவர்தான். பீலி ஐந்துக்கு நேரே என்றார்.

பழைய தளம் மூடப்பட்டது. புதுத் தளம் பளபளவென்று வந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து பூங்கொடி என்ற பெண் எழுதினாள். கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அதுவரை தளத்தைப் படித்திருக்கிறாளே தவிர ஒரு வரி எழுதியதில்லை.

விஷயம் இதுதான். அந்தச் சண்டை தொடங்கும் முன்பே மண் சரிந்து, அந்த லயம் பீலியோடு சேர்த்துப் பாதி புதைந்துபோயிருந்தது. உயிர்ச்சேதமில்லை, ஆனால் குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டன. இப்போது அவர்களுக்குத் தனி வீடு கட்டிக்கொடுக்கிறார்கள். பட்டியல் வந்திருக்கிறது. அதில் பூங்கொடியின் அம்மா மாரியாயியின் பெயர் இல்லை. 'ஆறாம் காம்பரா: காலி' என்று இருக்கிறது. மாரியாயி வேலையிலிருந்து நின்றுவிட்டதால் தோட்டத்துப் பெயர்ப் பதிவில் இல்லை. ஆள் கணக்கெடுத்தபோது மகளோடு கொழும்பில் இருந்தார். அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறதே தவிரக் காம்பரா எண் இல்லை. லயத்துக்கு ஏது கதவிலக்கம்? ஆறாம் காம்பராவில் அவர் இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவாருங்கள், விசாரணை வைக்கிறேன் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் தவணை.

கடைசியில் பூங்கொடி எழுதியிருந்தது: "பழைய மடுவத்துல எங்க லயத்தப் பத்தி ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்களே, அதுல ஒவ்வொரு காம்பராவுலயும் யார் யார் இருந்தாங்கன்னு முழுசா இருக்கும். எங்க அம்மா பேரும் இருந்திச்சு. அத இப்ப எங்க பாக்குறது மிஸ்?"

நான் அதை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். மாறவில்லை. பீலியின் இடத்தை நிரூபிக்க அவர்கள் பன்னிரண்டு காம்பராக்களிலும் யார் இருந்தார்கள், யார் வாசலில் எது இருந்தது, யார் வீட்டு நாய் மாஸ்டரைக் கடித்தது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார்கள். அழகான பதிவுகளை எல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு மனிதரின் முழுப் பெயர்கூட இல்லை. மேகம் மட்டும் அழுதுகொண்டிருந்தது.

நான் அழித்துவிட்டேன் என்று பூங்கொடிக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினேன். அது பாதிப் பொய். பொய்யாக இருக்கிற பாதியை உண்மையாக்க மறுநாள் ரயில் ஏறினேன்.

மாஸ்டர் அப்போது நானுஓயாப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தார். ஆசிரியர் விடுதியில் போய்ப் பார்த்தேன். என் அதிர்ஷ்டம், அவர் தன் பதிவுகளை எல்லாம் முதலில் கொப்பியில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகுதான் இணையக் கடைக்குப் போய்த் தட்டச்சு செய்வாராம். நாலு கொப்பிகள் அலுமாரியில் இருந்தன. ஆனால் அவற்றில் அவர் எழுதியது மட்டும்தான் இருந்தது.

நான் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சைத் தொடங்கினேன். நம் சமூகத்தின் மரபுச் செல்வம், எதிர்காலத் தலைமுறை, ஆவணப்படுத்தல். மாரியாயியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் நான் அழித்த கதையும் வெளியே வரும், அந்த அழிப்பால் ஒரு பெண்ணின் வீடு போகப்போகிறது என்பதும் வெளியே வரும். ஆவணப்படுத்தல் என்று சொன்னால் கௌரவமாக இருந்தது.

மாஸ்டர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளை, நான் வெற்றி கேக்கேல்லை. பீலி ஆறாம் காம்பராவுக்கு நேரேதான் இருந்தது எண்டு ஒரு சின்ன அடிக்குறிப்பு போட்டுவிட்டால் காணும். கொப்பியளை இண்டைக்கே தாறன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். ஒருவருக்கு அடிக்குறிப்புக் கொடுத்தால் மற்றவர் சும்மா இருப்பாரா?

அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. சின்னராசுவின் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. லீக்ஸ் மூட்டைகளுக்கும் கோவா மூட்டைகளுக்கும் பின்னால் இருந்த சுவர் முழுவதும் காகிதம். தன் பதிவுகளை அச்செடுத்து, கோதுமை மாப் பசையால் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். மாஸ்டரின் பதில் ஒன்றுகூட இல்லை. சந்தைக்கு வருகிற லொறிக்காரர்கள் மூன்று வருடமாக அதைப் படித்துவிட்டு, எதிராளி வாயைத் திறக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பசை சுவரோடு கெட்டித்துப் போயிருந்தது. பிய்த்தால் பொடிப்பொடியாக வரும். இருந்த இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும்.

மறுபடியும் மரபுச் செல்வம். சின்னராசு ஒரு கண்ணைத் தராசில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எழுதிக்கிங்க மிஸ், வேணாங்கல. ஆனா புது சைட்ல மேலேயே பெரிய எழுத்துல போடணும், மாஸ்டர் தோத்துட்டாருன்னு."

அடிக்குறிப்பாகப் போடலாமா என்று பேரம் பேசத் தொடங்கினேன். தலைப்பாகத்தான் வேண்டும் என்றார். பக்கத்துக் கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு சொன்னார். அரைமணி நேரம் எழுத்தின் பருமனைப் பற்றிப் பேசினோம். வெளியே லொறிகள் ஹார்ன் அடித்தன. பத்து நாளில் இரண்டு நாள் போய்விட்டது, நான் லீக்ஸ் நடுவில் நின்று எழுத்துப் பருமன் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று திடீரென்று உறைத்தது. வாய் தானாகத் திறந்து உண்மையைக் கொட்டிவிட்டது. நான்தான் அழித்தேன், மாரியாயிக்கு வீடு இல்லை, பட்டியலில் காலி என்று போட்டிருக்கிறார்கள், எல்லாமே.

சின்னராசு தராசை விட்டார்.

"நம்ம மாரியாயி அக்காவுக்கா? அந்தக் காம்பராவப் போயா காலின்னு எழுதினாங்க?"

ஆமாம் என்றேன்.

"இத வந்த ஒடனே சொல்லியிருந்தா டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருக்கும் மிஸ். மரபுங்கிறீங்க, செல்வங்கிறீங்க. நீங்க என்னமோ புஸ்தகம் போட்டு விக்கப் போறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

லீக்ஸ் மூட்டைகளைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னார். எனக்கு ஒரு முக்காலி வந்தது. பிறகு என்னிடம் மாஸ்டரின் தொலைபேசி எண்ணை வாங்கினார். மூன்று வருடம் எழுத்தில் கிழித்துக்கொண்ட இருவரும் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு குரலில் பேசியது அன்றுதான். "மாஸ்டர், நான் மூணாம் காம்பரா பேசுறேன்" என்று தொடங்கினார். மாரியாயியின் பெயர் அடிபட்டது. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மாஸ்டர் நாலு கொப்பிகளோடு சந்தைக்கு வந்து இறங்கினார். அடிக்குறிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்து, "அழிச்சுப்போட்டு ரெண்டு நாளா ஆவணம் எண்டு கதை விட்டனீர் என்ன?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் மாஸ்டர் என்றேன். அவ்வளவுதான்.

மூன்று நாள் அந்தச் சுவரைப் பார்த்து எழுதினேன். ஒரு பதிவு கொப்பியிலிருந்து, அதற்குப் பதில் சுவரிலிருந்து, அதற்குப் பதில் கொப்பியிலிருந்து. பாதிப் பதிவுகளின் மேல் கரட் எடையைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். தைத்து முடித்தபோது சண்டை மறுபடி உயிரோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் பெயர் பெயராகச் சொன்ன பன்னிரண்டு காம்பராக்களும் இருந்தன. ஆறாம் காம்பராவில் மாரியாயி, புருஷன், மகள் என்பதில் இருவருக்கும் எந்தத் தகராறும் இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? சண்டையை எல்லாம் வெட்டிவிட்டு, இருவரும் ஒத்துப்போகிற பெயர்ப் பட்டியலை மட்டும் ஒரு பக்கத்தில் அழகாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்டேன். மாஸ்டரும் அது நல்லது என்றார். நல்லவேளை, சின்னராசு தன் பதிவு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். பட்டியலோடு முழுக் காகிதக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனோம்.

விசாரணை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், சின்னக் குழந்தைகளின் தொட்டில்களுக்கு நடுவில் நடந்தது. கிராம சேவகர் சிங்களவர், நல்ல மனிதர். தமிழ் கொஞ்சம் புரியும். மீதியை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். முதலில் அந்த ஒரு பக்கப் பட்டியலைத்தான் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். இந்த மாதிரித் தட்டச்சு செய்த பட்டியல்கள் அன்றைக்குக் காலையிலிருந்து ஐந்து வந்திருக்கின்றன என்றார். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் சாட்சிகள் ஒரே வார்த்தையில் ஒத்துப்போகிறார்கள். இது இணையத்தில் எழுதியதிலிருந்து எடுத்தது என்றேன். இணையத்தில் எழுதியதை எல்லாம் ஆதாரமாக எடுக்க முடியாது, சாட்சிகளைப் பேசச் சொல்லுங்கள் என்றார்.

மாஸ்டர் எழுந்தார். ஆறாம் காம்பராவில் மாரியாயி இருந்தார், மகள் பூங்கொடியைத் தேடி இத்தனை தடவை போயிருக்கிறேன் என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அவவின்ரை வாசலுக்கு நேரேதான் பீலியும் இருந்தது" என்று சேர்த்தார்.

சின்னராசு எழுந்தார். "மாத்தயா, அக்கா ஆறாம் காம்பராதான். அதுல மாத்தமில்ல. ஆனா பீலி அஞ்சுக்கு நேர."

பிறகு நடந்ததை நான் சிங்களத்தில் சொல்லித் தொடர முடியவில்லை. ஐந்தாம் காம்பராவில் யார் இருந்தது, அந்த வீட்டுக் கோழி எந்தப் பக்கம் தண்ணீர் குடித்தது, எந்த வருடம் குழாய் உடைந்தது, அதை யார் கட்டினார், மாஸ்டர் வழுக்கி விழுந்தது எந்த வாசலில். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. கிராம சேவகர் என் பக்கம் குனிந்து, இப்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். தண்ணீர்க் குழாய் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். இன்னும் தண்ணீர்க் குழாய்தான் என்றேன்.

கடைசியில் அவர் மாரியாயியைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள், பீலி எங்கே என்றார். அதுவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து சொன்னார்:

"அஞ்சுக்கும் இல்லைங்க, ஆறுக்கும் இல்லைங்க. ரெண்டுக்கும் நடுவுல. தண்ணி மட்டும் எங்க வாசல்ல நிக்கும்."

மாஸ்டரும் சின்னராசுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு வயசாகிவிட்டது, மறந்திருக்கும் என்றார் சின்னராசு. ஓம், மறந்துபோனா என்றார் மாஸ்டர். பீலி விஷயத்தில் மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

கிராம சேவகர் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து, காலி என்ற சொல்லை வெட்டி, மாரியாயியின் பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே என்னிடம் சிங்களத்தில் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. சொல்லிக்கொடுத்து அழைத்துவந்த சாட்சிகள் எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள், இப்படிச் சண்டை போடுகிறவர்கள் நிச்சயமாக அந்த லயத்தில் நடமாடியிருக்கிறார்கள் என்றார். பிறகு நான் கொண்டுபோன பெரிய கட்டைக் கேட்டு வாங்கினார். அதிலிருந்த பெயர்களை வைத்து விட்டுப்போன இன்னும் இரண்டு குடும்பங்களைக் கண்டுபிடித்தார்.

மாரியாயி என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதான் இத எல்லாம் பத்திரமா வச்சிருந்தீங்களாமே என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பூங்கொடிக்கு உண்மையை எழுதினேன்.

அன்றைக்கே புதுத் தளத்திலும் ஒரு மன்னிப்புப் பதிவு போட்டேன். யாரையும் கேட்காமல் சண்டைகளை அழித்தது நான்தான், எது குப்பை என்று தீர்மானிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்று தெரியவில்லை, யாரிடமாவது பழைய பதிவுகள் இருந்தால் அனுப்புங்கள், எந்த நிலையில் இருந்தாலும் ஏற்றுகிறேன் என்று எழுதினேன். மூன்று தடவை வாசித்துத் திருத்திவிட்டுத்தான் போட்டேன்.

கால் மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. துல்லியம் எழுதியிருந்தார்: நாலாவது வரியில் ஒற்றுப் பிழை இருக்கிறது, திருத்தவும். அடுத்த பதில் மூன்றாம் காம்பராவிடமிருந்து: மிஸ் எழுதினது சரி, திருத்த வேண்டாம். மூன்றாவது பதில் மறுபடி துல்லியம். கொஞ்சம் நீளமாக, இலக்கண விதியோடு.

அது ஏறக்குறைய இருநூறு பதிவுவரை போனது. தளத்தில் தேடினால் உங்களுக்கே கிடைக்கும். வாசிக்க வேண்டுமென்று சொல்லமாட்டேன். புது இடத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒற்றை நான் இதுவரை திருத்தவில்லை.